குறைமாசப் பிள்ளைகளின் பொன்னழகு

காரைக்குடியில் எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் மொத்தம் பன்னிரண்டு கட்டில். பர்மாவில் தொழில் செய்த ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டு ஆச்சி பேரில் கட்டிக் கொடுத்தது. வாசலை ஒட்டிய ஜன்னலில் உட்கார்ந்து சீட்டு எழுதுவது என் வேலை. 1965ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு காலையில், தகரப் பெட்டியும் கையுமாக ஒரு பெண் வந்து ஜன்னல் முன் நின்றாள்.

"பேரு? எத்தனாவது மாசம்?" என்று தலைநிமிராமல் கேட்டேன்.

"பேரு பொன்னழகு. மாசம்லாம் ஒண்ணும் இல்லண்ணே, நான் புது நர்சு" என்றாள்.

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஆரம்பித்தது எங்கள் சினேகம். மதுரையில் நர்ஸ் படிப்பும் இரண்டு வருஷ வேலையும் முடித்திருந்தாள். கணவன் வீரையா திருப்பத்தூர்-காரைக்குடித் தடத்தில் தனியார் பஸ் டிரைவர். கையில் ஒரு வயதுப் பெண் குழந்தை. பஸ் ஓடுகிற ஊரிலேயே வேலை கிடைத்தால் ஒரே வீட்டில் சோறு பொங்கலாம் என்று இங்கே வந்தவள். குட்டையான உருவம், கனத்த குரல், வெற்றிலை போடமாட்டாள், ஆனால் நாள் முழுக்க ஏதாவது மென்றுகொண்டே இருப்பாள். பாதி நாள் பொரிகடலை, மீதி நாள் என் மதியச் சாப்பாட்டில் இருக்கிற அப்பளம்.

ஆஸ்பத்திரியின் கடைசி அறை குறைமாசப் பிள்ளைகளுக்கு. ஏழாம் மாதம், எட்டாம் மாதம் பிறந்தவை. உள்ளங்கையில் அடங்குகிற தலை, காகிதம் போலத் தோல். வெளிநாட்டு மெஷின் எதுவும் எங்களிடம் கிடையாது. தச்சரிடம் சொல்லிச் செய்த மரப்பெட்டி இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு பல்பு எரியும். சுற்றிலும் பஞ்சு, வெந்நீர்ப் பை. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுத் தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார்கள். பொன்னழகை அந்த அறைக்குத்தான் போட்டார்கள். அங்கே வேலைக்கு யாரும் ஆசைப்படமாட்டார்கள். பாதிப் பிள்ளைகள் தங்காது.

அந்தப் பிள்ளைகள் போவதில் ஒரு விசித்திரம் இருந்தது. பிறந்த அன்று நன்றாக இருக்கும். மறுநாள் கை கால் அசைக்கும். வீட்டார் கற்பக விநாயகருக்கு வேண்டிக்கொண்டு, பேர் கூட யோசித்துவிடுவார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ திடீரென்று பிள்ளை வெளுக்கும். உச்சிக்குழி புடைக்கும். ஒரு கை மட்டும் இழுக்கும். மூச்சு நின்று நின்று வரும். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஊரில் அதற்குத் தோஷம் என்றும் பட்சி பறந்தது என்றும் பேர்.

1966 மார்கழியில் பொன்னுத்தாயி வந்தாள். திருப்பத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், இருபது வயது, தலைச்சன் பிள்ளை. ஏழாம் மாதத்திலேயே வீட்டில் பிரசவம் ஆகிவிட்டது. பிள்ளை அழவில்லை என்று காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் தட்டியிருக்கிறார்கள். பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டியிருக்கிறார்கள். வாயில் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு பழைய சேலையில் சுற்றி, தூறலில் நனைந்து ஒரு மைல் நடந்து, பஸ் ஏறி எங்களிடம் வந்தார்கள். பொன்னழகு பிள்ளையை வாங்கியபோது அது வாழைத்தண்டு மாதிரி சில்லிட்டிருந்தது.

அன்று முழுவதும் பாடுபட்டு அதைச் சூடேற்றினாள். பிள்ளை தேறியது. சிவப்பாக, கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தது. பொன்னுத்தாயி புருஷன் மருது எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தான். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அது வெளுத்தது. மத்தியானம் போய்விட்டது.

பொன்னுத்தாயி அழவில்லை. பொன்னழகின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் நர்சம்மா? நெல்லு மூட்டைய இழுத்து வச்சேன், அதுனாலயா? சொல்லுங்க, அடுத்ததுக்காவது சூதானமா இருப்பேன்ல?"

"தெரியல தாயி" என்றாள் பொன்னழகு. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. நேரே டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டர் தெய்வானை நகரத்தார் வீட்டுப் பெண். சென்னையில் படித்தவர். கெட்டிக்காரர், முன்கோபி. அவர்தான் விளக்கினார்: "அது தோஷமில்லை, மூளைக்குள்ளே ரத்தக் கசிவு. ஏழு மாசத்திலே அங்கே இருக்கிற ரத்தக்குழாயெல்லாம் சிலந்தி நூல் மாதிரி. அந்த மாசத்திலே அது வயித்துக்குள்ளே பத்திரமா இருக்க வேண்டியது. வெளியே வந்துட்டா ரத்தத்தோட வேகம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தாங்காம அறுந்துடும். முதல் மூணு நாள்தான் கண்டம். சென்னையிலே இறந்த பிள்ளைகளை அறுத்துப் பார்த்தப்ப நானே கண்ணால பார்த்திருக்கேன்."

"எந்தப் பிள்ளைக்குக் கசியும், எதுக்குக் கசியாதுன்னு முன்கூட்டியே சொல்ல முடியாதுங்களா?"

"அதைச் சொல்ல முடிஞ்சா நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கேன், போ" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலை பொன்னழகு என் ஜன்னலுக்கு வந்து, "அண்ணே, அந்தக் காலண்டர் தாளைத் தினமும் கிழிச்சுப் போடுறீகள்ல? இனிமே எனக்குக் குடுங்க" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "கேள்வி கேட்டவளுக்குப் பதில் சொல்லணும்" என்றாள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவாள். எத்தனை மாதம், எத்தனை பவுண்டு, ஆணா பெண்ணா, எங்கே பிறந்தது, வரும்போது உடம்பு எப்படி இருந்தது, மூச்சு வாங்கியதா, தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா, நாங்கள் என்ன ஊசி போட்டோம், கடைசியில் என்ன ஆயிற்று. தேறிப் போன பிள்ளைக்கும் எழுதுவாள், போன பிள்ளைக்கும் எழுதுவாள். அவள் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நான் கிண்டல் செய்தால், "பிள்ளைய ஒரு கையில வச்சுக்கிட்டு நீங்க எழுதிப் பாருங்க" என்பாள்.

இரண்டரை வருஷத்தில் எழுபத்து நான்கு தாள் சேர்ந்தது. 1969 வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீரையாவுக்கு ஓய்வு நாள். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனவரைப் பிடித்து உட்கார வைத்து, தாள்களைத் தரை முழுவதும் பரப்பினாள். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை. அவர் படிக்க, இவள் பிரித்து வைத்தாள். மூளையில் கசிந்தவை சுவரோரம், கசியாதவை வாசல் பக்கம்.

மறுநாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு வீரையாவே என்னிடம் வந்து சொன்னது இது. சொல்லும்போது அவர் முகம் சரியில்லை.

"சுவரோரம் கிடந்ததுல பாதிக்கு மேல 'வெளி'ன்னு எழுதியிருக்கா அண்ணே. வெளியில பொறந்து இங்க தூக்கிட்டு வந்த பிள்ளைக. அதுக்குக் கீழ எந்த பஸ்சுல வந்துச்சுன்னும் எழுதியிருக்கா. ஒம்பதே முக்கா பஸ்சு, ஒம்பதே முக்கா பஸ்சுன்னு வருது. அது என் பஸ்சு அண்ணே. நான்தான் பிள்ளைகளைக் குலுக்கிக் குலுக்கிக் கொண்டாந்து போட்டிருக்கேன்."

"உங்க வீட்டுக்காரி என்ன சொன்னா?"

"'உங்க பஸ்சு இல்லாட்டி அதுக வீட்டுலயே போயிருக்கும்'னு சொன்னா. அப்பறம் இன்னொண்ணு சொன்னா. 'பிள்ளை பொறந்த பின்னாடி கொண்டாரதுதான் வினை. தாய் வயித்துல இருக்கையிலயே வந்துட்டா எந்த ரோட்டுக் குழியும் அதை ஒண்ணும் செய்யாது. அங்க குளிரும் இல்ல, காலைப் பிடிச்சுத் தொங்கவிட ஆளும் இல்ல'ன்னா. அதுக்கு நான் என்ன செய்யணும்னு கேட்டேன். 'அதை நீங்கதான் யோசிக்கணும்'ன்ட்டா."

வீரையா யோசித்தார். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ஜினை அணைத்துவிட்டு எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தார்: "ஏழாம் மாசம் எட்டாம் மாசத்துல யாருக்காச்சும் வலி கண்டா வீட்டுல வச்சுப் பார்க்காதீக. பிள்ளை பொறக்கட்டும்னு இருக்காதீக. ரோட்டோர மரத்துல ஒரு செவப்புத் துணியக் கட்டுங்க. நான் நிப்பாட்டி ஏத்திக்கிட்டுப் போறேன்." பெண்கள் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொள்வார்கள். ஆண்கள், "டிரைவருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்பார்கள். ஆனால் துணி கட்டினார்கள். முதல் மாதம் ஒருத்தி, அடுத்த மாதம் மூன்று பேர்.

1970 தைப்பொங்கல் கழிந்து சில நாளில் துணி கட்டியவள் பொன்னுத்தாயி. இரண்டாவது பிள்ளை, இதுவும் ஏழே முக்கால் மாதத்தில் வலி கண்டுவிட்டது. அன்று சதுர்த்தி. பஸ் நிறையப் பிள்ளையார்பட்டிக் கூட்டம், மடியில் தேங்காய் பழத் தட்டோடு. பொன்னுத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்த வீரையா, பிள்ளையார்பட்டி விலக்கில் நிறுத்தவில்லை. வேறெங்கும் நிறுத்தவில்லை. முப்பத்திரண்டு பயணிகளோடு பஸ் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. நான் சீட்டுப் புத்தகத்தோடு எழுந்து ஓடியதும், தேங்காய்த் தட்டோடு ஒரு கூட்டம் இறங்கி என்னைச் சூழ்ந்துகொண்டு, "ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையா" என்று கேட்டதும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அப்போது பொன்னுத்தாயி படியேறிக்கூட முடிக்கவில்லை.

அரைமணி நேரத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. மூன்றேகால் பவுண்டு. பொன்னழகு அதைத் தலைகீழாகப் பிடிக்க யாரையும் விடவில்லை. கொடியை உடனே அறுக்கவும் விடவில்லை. கொஞ்சம் பொறுத்து அறுத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, சூடான துணியில் மட்டமாகப் படுக்க வைத்து, ரத்தம் உறைய வைட்டமின் ஊசி போட்டு, பெட்டிக்குள் வைத்து மூடினாள். குளியல் கிடையாது, சேனை கிடையாது, ஆள் மாற்றி ஆள் தூக்குவது கிடையாது. மூன்று நாள் போயிற்று. நான்காம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்து பல்பைப் பார்த்தது. சின்னக்கருப்பு என்று பேர் வைத்தார்கள்.

வீரையாவுக்கு அதற்குக் கிடைத்தது தண்டனை. பஸ் முதலாளி முத்துராமன், தடம் மாறி நேரம் தப்பி ஓட்டியதற்காகப் பத்து நாள் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வீரையா வீட்டில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் முதலாளி வீட்டு வாசலில் அந்தப் பஸ் பயணிகள் பதினைந்து இருபது பேர் போய் நின்றார்கள். நடுவில் மருது, தோளில் துண்டோடு. "எங்க சாமி தேங்காய நாங்க மறுநாள் உடைச்சுக்கிட்டோம். எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. உங்களுக்கு என்ன குறைங்க?" என்று ஒரு பெண் கேட்டாளாம். முத்துராமன் கெட்டவர் இல்லை. மறுநாளே வீரையா வண்டியில் ஏறினார். வலி கண்ட பெண் ஏறினால் நேரம் தப்பலாம் என்று டெப்போ சுவரில் எழுதியும் வைத்தார்கள்.

பொன்னழகுக்கு அடுத்த சண்டை வெளியில் இல்லை, உள்ளேயே. டாக்டரம்மாவோடு.

மூச்சுத் திணறுகிற குறைமாசப் பிள்ளைக்கு, ரத்தத்தில் ஏறிய அமிலத்தை முறிக்க, தொப்புள் நரம்பு வழியாக ஒரு சோடா மருந்தை வேகமாகச் செலுத்துவது அன்றைக்கு எல்லா ஊரிலும் இருந்த வழக்கம். டாக்டரம்மாவும் அப்படித்தான் செய்வார். 1971இல் ஒரு நாள் காலை, அவர் சிரிஞ்சை எடுத்தபோது பொன்னழகு சொன்னாள்: "டாக்டரம்மா, கொஞ்சம் மெதுவாப் போடலாங்களா? இதை வேகமாப் போட்ட பதினோரு பிள்ளைல எட்டு, மறுநாளே கசிஞ்சிருக்கு."

அறையில் இருந்த ஆயா நழுவி வெளியே வந்துவிட்டாள். டாக்டரம்மாவின் குரல் என் ஜன்னல் வரை கேட்டது.

"மூச்சு முட்டுற பிள்ளைக்குத்தான் மருந்து போடுறோம். மூச்சு முட்டுற பிள்ளைக்குக் கசியறதும் அதிகம். மருந்தாலே கசிஞ்சுதா, மூச்சு முட்டினதாலே கசிஞ்சுதா? சொல்லு பார்ப்போம்! காலண்டர் தாள் பார்த்து வைத்தியம் பண்ணச் சொல்றியா? இங்கே டாக்டர் நீயா, நானா?"

"நீங்கதான்ம்மா" என்றாள் பொன்னழகு. "எனக்குக் காரணம் தெரியாது. பார்த்ததைச் சொன்னேன்."

நான்கு நாள் டாக்டரம்மா அவளோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பொன்னழகு என் அப்பளத்தைக்கூடத் தொடவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் இன்னொரு பிள்ளை, இரண்டே முக்கால் பவுண்டு, நெஞ்சு குழிந்து குழிந்து மூச்சு வாங்கிக்கொண்டு. டாக்டரம்மா மருந்தை எடுத்தார். அதில் பாதிக்குமேல் தண்ணீர் கலந்தார். சிரிஞ்சைப் பொன்னழகின் கையில் கொடுத்து, "நீயே போடு. எவ்வளவு மெதுவாப் போடணுமோ அவ்வளவு மெதுவாப் போடு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பொன்னழகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் நின்ற இடத்தில் நின்று அந்த மருந்தைச் செலுத்தினாள். முடிந்தபோது அவள் விரல் மடங்கவில்லை. டாக்டரம்மா அந்த விரல்களைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டார். அந்தப் பிள்ளை பிழைத்தது.

ஒரு பிள்ளை பிழைத்ததால் எதுவும் நிரூபணம் ஆகாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அதன் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த மருந்தை யாரும் வேகமாகப் போட்டதில்லை.

1973 மாசியில் கொத்தமங்கலத்திலிருந்து ஒரு பெரிய கார் வந்து நின்றது. இறங்கியவர் பெத்தாச்சி செட்டியார். அந்த ஊரில் அவர் வீட்டைச் சுற்றி வரவே ஒரு தெரு நடக்க வேண்டும். அவர் பேசினால் அந்தத் தெருக்கடைசி வரை கேட்கும். மருமகள் நாகம்மைக்கு ஆறரை மாதம். பன்னீர்க்குடம் உடைந்து வலி ஆரம்பித்துவிட்டது. டாக்டரம்மா சிவகங்கைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். பொன்னழகு காரில் ஏறிப் போனாள்.

அங்கே போனால், வீட்டிலேயே பிரசவம் பார்த்துவிட்டு, பிள்ளையை அதே காரில் மதுரைக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். கூடையில் பஞ்சு மெத்தைகூடத் தயார்.

"ஐயா, அந்தக் கூடை வேணாங்க" என்றாள் பொன்னழகு. "உங்க கார விட நல்ல கார்ல பிள்ளை இப்ப உக்காந்திருக்கு. அதுல வச்சே கொண்டு போயிருவோம். இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் இருக்கு. மருமக ஆச்சிய எந்திரிக்கச் சொல்லுங்க."

"மூத்த மருமக. வழியிலே ஒண்ணு ஆயிட்டா?" என்றார் செட்டியார்.

"வழியில நான் இருக்கேன். இங்குட்டு வச்சுப் பொறந்தா பெட்டி இல்ல, குழாய் இல்ல, டாக்டரம்மா இல்ல. மதுரை அம்பது மைலுக்கு மேல. இம்புட்டூண்டு பிள்ளை தாங்காதுங்க ஐயா."

செட்டியார் கூடையை ஒதுக்கி வைக்கச் சொன்னார். பிறகு டிரைவரிடம், "நான் நடந்து வந்தா என்ன வேகமோ, அந்த வேகத்திலே போ" என்றார்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. இரண்டரை பவுண்டு. டாக்டரம்மா அப்போதுதான் காரை விட்டு இறங்கி ஓடிவந்தார். பொன்னழகு செட்டியாரிடம் வந்து, "மூணு நாளைக்கு யாரும் உள்ள வரக்கூடாது. தொடக்கூடாது. பெரிய சத்தம் கூடாது. பிள்ளை திடுக்கிட்டு அழுதா தலையில ரத்தம் ஏறும்" என்று கனத்த குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

ஊரையே அதட்டுகிற மனிதர் அன்றிலிருந்து கிசுகிசுப்பாகப் பேச ஆரம்பித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். வருகிறவர்களையெல்லாம் விரலை உதட்டில் வைத்துத் திருப்பி அனுப்பினார். நான் தும்மினால்கூட முறைப்பார். இரண்டாம் நாள் காலை தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம், மேளமும் நாயனமும் முழங்க வந்தது. செட்டியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்று கும்பிட்டார். "இந்த ஒரு தெருவை மட்டும் வாசிக்காம நடந்து கடந்துடுங்கப்பா. என் பேத்தி தூங்குறா." மாப்பிள்ளை, மேளக்காரர்கள் எல்லோரும் பூனை போல எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். பொன்னழகு ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இத்தனையும் செய்தும் மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளையின் இடது கை இழுத்தது. உடம்பு வெளுத்தது. பொன்னழகின் முகத்தைப் பார்த்த எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டாக்டரம்மா வலிப்பை நிறுத்த மருந்து கொடுத்தார். மூச்சு நிற்கும்போதெல்லாம் பொன்னழகு அதன் உள்ளங்காலை ஒரு விரலால் மெல்லத் தேய்ப்பாள், மூச்சு திரும்பும். சாயங்காலம் வரை தேய்த்தாள். மறுநாளும் தேய்த்தாள். உச்சிக்குழி புடைக்கவில்லை. கசிவு சின்னதாக நின்றுவிட்டது. பிள்ளை பிழைத்தது.

வள்ளியம்மை என்று பேர். இரண்டு மாதம் எங்களோடு இருந்துவிட்டு ஐந்து பவுண்டோடு வீட்டுக்குப் போனாள். ஒன்றரை வயதில் நாகம்மை அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இடது கால் விறைத்து நின்றது. மற்ற பிள்ளைகள் ஓடுகிற வயதில் இவள் நிற்கவில்லை.

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சோமே பொன்னழகு. ஒண்ணுகூட விடலையே. அப்புறமும் ஏன்?" என்று நாகம்மை கேட்டாள்.

பொன்னழகு பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஆச்சி, ஆறரை மாசத்துல பொறக்குறதே பெரிய ஆபத்து. அதை நம்மால மாத்த முடியல. குளிரு, குலுக்கல், மூச்சுத் திணறல்னு மேல மேல சேர்ற ஆபத்தைத்தான் நாம தள்ளி வச்சோம். தள்ளி வச்சதுனாலதான் இவ என் மடியில உக்காந்து என் மூக்கைப் பிடிக்கிறா. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. இதை நான் பொன்னுத்தாயின்னு ஒருத்திக்குச் சொல்லியிருக்கணும். அன்னைக்கு எனக்குத் தெரியல."

பிறகு அவள் சொன்னதுதான் அவள் குணம். "சரி, அழுதது போதும். காலக் காட்டுங்க, எப்பிடி நீவி விடணும்னு சொல்லித் தாரேன்."

இரண்டு வருஷம் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தக் கார் வரும். பொன்னழகு வெதுவெதுப்பான எண்ணெய் விட்டு அந்தக் காலை நீவி, மடக்கி, நீட்டுவாள். வள்ளியம்மை அவளை அடிப்பாள், கடிப்பாள், பொரிகடலையைப் பிடுங்கித் தின்பாள். மூன்றரை வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை, காரிலிருந்து இறங்கி, இடது காலை இழுத்து இழுத்து, யார் கையையும் பிடிக்காமல் என் ஜன்னல் வரை நடந்து வந்தாள். பெத்தாச்சி செட்டியார் பின்னாலேயே வந்து, மூன்றரை வருஷமாக அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் சேர்த்து, "பொன்னழகு! இங்கே வந்து பாரு!" என்று கத்தினார். உள்ளே இருந்த அத்தனை பிள்ளைகளும் விழித்துக்கொண்டு அழுதன. பொன்னழகு அவரைத் திட்டுவதற்காக ஓடிவந்தாள். வந்தவள் திட்டவில்லை.

அதே வருஷக் கடைசியில் டாக்டரம்மா ஒரு வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனார். நானும் ஏதோ கையெழுத்துக்காகப் பின்னால் போனேன். "அந்த சோடா மருந்தை வேகமாப் போட்டா மூளையிலே கசிவு அதிகமாகலாம்னு இங்கே எழுதியிருக்காங்க பொன்னழகு. இன்னும் முடிவாச் சொல்லலை, சந்தேகப்படுறாங்க. நீ அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே சந்தேகப்பட்டே. நான் உன் மேலே கத்தினேன்."

"நீங்க பேசாம இருந்தது நாலு நாள்தானே" என்றாள் பொன்னழகு. "அஞ்சாம் நாள் சிரிஞ்சைக் குடுத்துட்டீகளே."

வீரையா எழுபத்தேழில் பஸ்ஸை விட்டு இறங்கி, கம்பெனி டெப்போவில் மேஸ்திரி ஆனார். அவருக்குப் பிறகு வந்த டிரைவர்களும் சிவப்புத் துணியைக் கண்டால் நிறுத்தினார்கள். மூளைக்கசிவில் பிள்ளைகள் போவது எங்கள் அறையில் அடியோடு நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்தது. பொன்னழகு அந்தக் கணக்கில் திருப்தி அடைந்தவளே இல்லை. ஒரு பிள்ளை போனாலும் அன்று சாப்பிடமாட்டாள்.

1979இல் டாக்டரம்மா சென்னையில் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் சில படங்களைக் காட்டினாராம். உயிரோடு இருக்கிற பிள்ளையின் மண்டையைத் திறக்காமலே உள்ளே பார்க்கிற புது மெஷின் எடுத்த படங்கள். அதில் ஒன்றின் பிரதியைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். சாயங்கால வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து அதைப் பொன்னழகிடம் காட்டினார். வட்டமான கறுப்பு, சாம்பல் நிறம். நடுவில் ஒரு பக்கமாக, வெள்ளையாக ஒரு சின்னத் திட்டு.

"இதுதான் பொன்னழகு. இந்த வெள்ளைதான் கசிஞ்ச ரத்தம்."

பொன்னழகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். பதினான்கு வருஷமாக அவள் எதோடு மல்லுக்கு நின்றாளோ அதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கண்ணால் பார்க்கிறாள்.  பிறகு அந்த வெள்ளைத் திட்டின் மேல் விரல் நுனியை, தொட்டும் தொடாமலும் வைத்தாள். விரல் நுனிக்குள்ளேயே அது மறைந்துவிட்டது.

"இம்புட்டூண்டா டாக்டரம்மா?" என்றாள்.